வாயில் தீர்த்தம் ஏந்தி நின்ற அமாவாசை

அருவியின் ஓசையையே ஆராதனையாக ஏற்று, மலையுச்சியை மாடமாகக் கொண்டு எழுந்தருளிய ஐயன் திருவடி வாழ்க. அவன் அருகில், தான் ஒன்றும் பேசாமல் எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மையின் திருச்செவி வாழ்க. சொல்ல எடுத்தது சுருங்கி முடிய யானைமுகத்தோன் துணை நிற்க. சுருங்க முடிப்பது என் வழக்கம் அன்று என்பதால், அவன் துணை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி கூடிய வியாழக்கிழமையாகிய இன்று, நீராடி நீறணிந்து இதனை எழுதத் தொடங்குகிறேன்.

நான் பிறந்தது காவிரியின் வடகரையில். எங்கள் படித்துறையில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில் வடக்கே ஒரு நீலக் கோடு தெரியும். அதுவே கொல்லிமலை என்றும், அதன்மேல் ஐயன் கோயில் கொண்டிருக்கிறான் என்றும் சொல்வார்கள். பத்தொன்பதாம் வயதில் கப்பலேறிப் பினாங்கு போனேன். அங்கே முப்பத்தோராண்டுகள் மனு எழுதிப் பிழைத்தேன். துறைமுகத்தில் வந்திறங்கும் நம்மவர்களுக்கு அந்நாட்டு மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்கள் குறையை நான் கேட்டு, அழகிய சொற்களில் அடுக்கி, துரையின் முன்னே நின்று நானே வாசித்தும் காட்டுவேன். கையில் எழுதுகோலும் நாவில் பதிகமுமாகக் காலம் போயிற்று. வேலையை விட்ட நாளில், எஞ்சிய ஆயுளை அந்த நீலக் கோட்டின்மேல் கழிப்பது என்று உறுதி செய்தேன். திருச்சியில் மைத்துனர் வீட்டு மாடி காலியாகத்தான் இருந்தது. ஆயினும் என் மனைவி, "கடல் தாண்டியாச்சு, மலைக்கா பயம்?" என்று சொல்லி என்னோடு புறப்பட்டாள்.

மாசி மாதத்தில் சேந்தமங்கலம்வரை மாட்டுவண்டியிலும், அதன்பின் கால்நடையாகவும் ஏறினோம். பித்தளை மூலை வைத்த பெட்டி ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, குடை ஒன்று, என் கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி ஆகியவை எங்களோடு மலையேறிய அயல்நாட்டுச் சொத்து. பாதி வழியில் மூச்சு வாங்கியபோது நான் ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். சுமை தூக்கி வந்தவர் நின்று, "சாமி, பாட்டா, ஏத்தமா? ரெண்டுல ஒண்ணு வெச்சுக்கலாமுங்க" என்றார். ஏற்றத்தை வைத்துக்கொண்டோம்.

வாழவந்தி நாட்டில், கோயிலுக்கு ஒரு காலைநேர நடைத் தொலைவிலிருந்த சிற்றூரில் எங்களுக்கு ஒரு பழைய குடிசை கிடைத்தது. முன்பு சாமை கொட்டி வைத்த குடிசை அது. அதன் புற்கூரையில் படுத்தபடியே நட்சத்திரம் பார்த்துத் திதி கணிக்கலாம், அவ்வளவு ஓட்டை. புதுக்கூரை வேய்ந்துகொள்கிறேன் என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன்.

"அதுக்கு ஆத்தா பூக் குடுக்கோணுமுங்க" என்றார் அவர்.

அந்த ஊர் வழக்கம் இது. வெளியூரார் ஒருவர் குடியேற வந்தால், அமாவாசையன்று ஊர் ஆத்தாள் முன் வெள்ளரளிப் பூ ஒன்றும் செவ்வரளிப் பூ ஒன்றும் ஒரே அளவான இரண்டு வாழையிலைத் துண்டுகளில் மடித்து வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் ஊரே கூடி ஒரு பகலில் கூரை வேய்ந்து கொடுக்கும். சிவப்பு வந்தால் அடுத்த அமாவாசைவரை காத்திருக்க வேண்டும். மூன்று முறை சிவப்பு வந்துவிட்டால் நான்காம் முறை கேட்பதில்லை; பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்குச் சிறிதும் கவலையில்லை. வெள்ளைக்கார துரைகளையே சொல்லால் இளக வைத்தவன், பெற்ற தாயினும் பரிந்தவளை இளக வைக்க மாட்டேனா? பங்குனி அமாவாசையன்று ஊரார் கூடியதும், யாரும் வாய் திறக்குமுன் நான் கைகூப்பி, ஐயன்மேல் உள்ள ஒரு பதிகத்தின் பதினொரு பாடலையும் இராகம் பிசகாமல் பாடினேன். முடிவில் என் விண்ணப்பத்தையும் செய்யுள் நடையிலேயே சமர்ப்பித்தேன். ஊரார் அசையாமல் கேட்டார்கள். ஒரு கிழவர் கண்ணைக்கூடத் துடைத்தார். பூசாரி பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

மறுநாள் முதல் என் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் திருப்பணியை ஊர் மேற்கொண்டது. கவுண்டர் என் குடையை ஐயுற்றார்: "ஆத்தாளுக்கே கொடை இல்லீங்க. நீங்க மட்டும் புடிச்சுட்டு நடந்தா?" குடையைப் பரணில் போட்டேன். பூசாரி சப்பாத்தைக் குறித்தார், அதையும் கழற்றினேன். கண் துடைத்த கிழவரோ கடிகாரத்தைக் காட்டி, "ராத்திரி பகலா டொக்கு டொக்குங்குதே, ஆத்தா எப்பத்தான் கண்ணசருவா?" என்றார். அதன் பெண்டுலத்தையும் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

இவ்விடத்தில் பக்கத்து வீட்டு அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகுக்கொடியும் நான்கு கோழியும் உடையவர். குரல் மலைக்கு அப்பாலும் கேட்கும். அவருடைய சாம்பல் கோழி நாள்தோறும் என் பெட்டிக்குள் ஏறி, முப்பத்தோராண்டு மனுப் பிரதிகளின்மேல் உட்காரும். பழக்க தோஷத்தால் நான் அதை மலாய் மொழியில், "பெர்கி! பெர்கி!" என்று விரட்டுவேன். அந்நாட்டில் அதற்குப் 'போ' என்று பொருள். அன்றிலிருந்து கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாம்.

"ஏனுங்க, மந்திரம் போட்டுப்போட்டு என்ற கோழி வயித்தைக் கட்டிப்போட்டீங்களே, இது நாயமா?" என்று அவர் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்.

"அம்மா, அது மந்திரம் அன்று, அயல்நாட்டு மொழி."

"அயல்நாட்டுப் பாசையில மந்திரம் இல்லீங்களா?"

முப்பத்தோராண்டு அனுபவத்தில் இப்படியொரு குறுக்குக் கேள்வியை நான் கேட்டதில்லை.

சித்திரை அமாவாசை வந்தது. குடையில்லை, சப்பாத்தில்லை, கடிகாரம் இல்லை. முதல் முறை பதினொன்று போதவில்லை என்று தெளிந்திருந்தமையால், இம்முறை இரண்டு பதிகங்களாக இருபத்திரண்டு பாடல் பாடினேன். பதினெட்டாம் பாடலில் பூசாரியின் கற்பூரம் தீர்ந்துவிட்டது. பூப் பொட்டலம் பிரிந்தது, மீண்டும் சிவப்பு. ஊரார் என்னைப் பாராமல் காலடி மண்ணைப் பார்த்தபடி கலைந்தார்கள்.

அன்று மாலை கோடை மழை ஒன்று வந்து, கூரை எங்கெங்கு இல்லை என்பதை விளக்கமாகக் காட்டிவிட்டுப் போயிற்று. கையில் கிடைத்த ஏனமெல்லாம் சொட்டுக்குக் கீழே வைத்த பிறகும், ஏந்த இன்னும் சொட்டு மீந்தது. ஆனி பிறந்தால் மேல்காற்று மழை தொடங்கும். அதை இந்தக் கூரை தாங்காது. இன்னும் ஒரேயொரு அமாவாசை. அதுவும் தவறினால் திருச்சி மாடியில் உட்கார்ந்து, நீலக் கோடுகூடத் தெரியாத திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடல் கடந்து வந்தும் ஐயன் வாசலில் இடம் இல்லையே என்று எண்ணினேன். துக்கத்தில் ஒரு பாட்டுத் தொடங்கினேன்.

"போதும், நிறுத்துங்க" என்றாள் என் மனைவி. "நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

"யாரை?"

"யாரையா? தெரிஞ்சவங்களைத்தான்."

எனக்கு ஓராண்டானாலும் தோன்றியிராத வழி இது. அவளோ வந்த மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு அம்மையாரோடு சேர்ந்து ஒரே உரலில் சாமை குத்தத் தொடங்கியிருந்தவள். மறுநாள் அந்த உரலருகே நடந்த பேச்சை நான் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, அந்த அம்மையார் பேசினால் கேட்காமலிருக்க எவராலும் இயலாது.

"அம்மிணி, உங்க ஊட்டுக்காரர் தனக்குத்தானே கேட்டா ஆத்தா எப்படிக் குடுப்பா? வந்தவிய வாயே தொறக்கப்படாது. ஊர்ல ஒருத்தர் அவியளுக்காவ எந்திரிச்சுக் கேக்கோணும். 'இவிய தப்புப் பண்ணினா அது என்ற ஊட்டுத் தப்பு'ன்னு சொல்லோணும். அதானுங்க வழமை."

"அப்போ இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எங்கீங்க சொல்லறது? நாங்க எந்திரிக்கறதுக்குள்ள அவுரு எடுத்துட்டாரு. பாட்டும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல நிறுத்துனா மருவாதியா இருக்குமுங்களா? அதுமில்லாம, அத்தனை படிச்சவருக்கு இதுகூடத் தெரியாதுன்னு நாங்க நெனைக்கலீங்க."

குடையும் சப்பாத்தும் கடிகாரமும் குற்றமற்றவை என்று அப்போது விளங்கிற்று. முப்பத்தோராண்டுகள் பிறருக்காக எழுந்து நின்று கேட்டவன் நான். எனக்காக எழுந்து நிற்க ஒருவர் வேண்டுமே என்று தேடப் புறப்பட்டபோது, ஊர் முழுவதும் திடீரென்று காட்டுவேலை வந்துவிட்டது. கவுண்டர் பொதுவானவர், ஒருவர் பக்கம் பேசலாகாது. கிழவரோ, "எனக்குப் பயமுங்க சாமி. நீங்க நாளைக்கு என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் பயம் நியாயமானதே, எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்கலாம் என்றால், கோழி வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தது.

வைகாசி அமாவாசை விடிந்தது. யாரும் வாக்களிக்கவில்லை. புறப்படும்போது மனைவி ஒரு செம்பை நீட்டினாள். அருவியிலிருந்து கொண்டு வந்த தீர்த்தம்.

"ஒரு வாய் வாங்கிக்குங்க. முழுங்கக் கூடாது. பூ வர வரைக்கும் அப்படியே நில்லுங்க."

"இது எந்த ஆகமத்தில்..."

"உங்களைத் தெரிஞ்சவ போட்ட ஆகமம். வாயைத் திறங்க."

கன்னம் இரண்டும் உப்ப, ஆத்தாள் முன் நின்றேன். பூசாரி இலைகளை மடித்து வைத்தார். கவுண்டர் கூடியிருந்தவர்களைச் சுற்றிப் பார்த்து, "இவியளுக்காவ யார் கேக்கறது?" என்றார். ஒருவரும் அசையவில்லை. நாவின் நுனியில் பாட்டு வந்து முட்டியது. தீர்த்தம் அதைத் தடுத்தது. அந்தச் சில கணங்களில் நான் கேட்ட அமைதியை அதற்கு முன் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, "கொஞ்சம் வழி உடுங்க" என்று ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு அம்மையார், சாம்பல் கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடியே முன்னே வந்தார்.

"ஆத்தா, நாங் கேக்கறேன். இந்தப் பினாங்குக்காரருக்குச் சத்தம் சாஸ்தி. விடியக்காலம் கோழிக்கு முன்னாடி இவுரு கூவறாரு. மம்புட்டியைப் புடிக்கத் தெரியாது. பிடியை மண்ணுல குத்தி இலைப் பக்கத்தைக் கையில புடிச்சதை நானே என்ற கண்ணால பாத்தேன். என்ற கோழி முட்டை உடாம இருக்கறதுக்கும் இவுருதான் காரணம். அந்த வழக்கை நீயும் நானும் பொறவு பாத்துக்கலாம். ஆனா கெட்ட மனசு இல்லை. பொண்டாட்டி தங்கம். எனக்கும் உரல்ல மாத்துக் குத்தறதுக்கு ஆள் வேணும். இவிய தப்புப் பண்ணினா அது என்ற ஊட்டுத் தப்பு. பூக் குடு."

மண்வெட்டி வரையில் நான் தாங்கினேன். கோழி வழக்கில் சிரிப்பு முட்டியது. "என்ற ஊட்டுத் தப்பு" என்றபோது வந்தது சிரிப்பன்று. கண்ணில் நீர் வந்தது. மேலே ஒரு நீர், வாயில் ஒரு நீர் என்று நான் தத்தளிக்கையில் பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார்.

வெள்ளரளி.

தீர்த்தம் முழுவதையும் ஒரே மடக்கில் விழுங்கிப் புரையேறி, கவுண்டர் என் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த அம்மையார் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, அதுக்கும் சத்தம்!" என்றார்.

மூன்றாம் நாள் ஊரே திரண்டு வந்தது. ஆண்கள் கூரைமேல் ஏறினார்கள். பெண்கள் புற்கட்டுகளை எடுத்தெடுத்து மேலே எறிந்தார்கள். நான் உதவப் போன இடமெல்லாம் என்னை அன்போடு நகர்த்தி வைத்தார்கள். உச்சி வேளையில், முகட்டில் கால் பரப்பி உட்கார்ந்திருந்த கிழவர் கீழே குனிந்து, "ஏனுங்க சாமி, சும்மாதானே நிக்கறீங்க. இப்பப் பாடுங்க, வேலை ஓடும்" என்றார்.

பாடினேன். பதினொன்றும் பாடினேன். கூரை முடிகிறவரையில் ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாம்பல் கோழி மாத்திரம் எழுந்து அப்பால் போயிற்று. ஆயினும் நான்கு நாள் கழித்து என் பெட்டிக்குள், மனுக்களின்மேல், ஒரு முட்டை இருந்தது. அதை உடையவரிடம் சேர்த்து என் வழக்கைத் தீர்த்துக்கொண்டேன்.

இன்றும் அக்கூரையின் கீழே இருந்துதான் எழுதுகிறேன். வேலிக்கு அப்பாலிருந்து, "இன்னுமா எழுதறீங்க?" என்று கேட்கிறது. ஆகவே முடிக்கிறேன். இதனைப் படித்தவர்க்கும், படிக்கக் கேட்டவர்க்கும், புதிய ஊரில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திகைத்து நிற்பவர்க்கும், கேளாமலே முன்வந்து பேசும் அண்டை வீடு ஒன்று அமைக. அவர்கள் கூரை ஒழுகாதிருக்க. அவர்கள் அடுப்பு அணையாதிருக்க. ஐயனும் ஆத்தாளும் அவர்களுக்கு வெள்ளைப் பூவே தருக.