கயிறு கட்டிய தோட்டம்

தையல் கடையில் துணி வெட்டும் அக்காவும் டிராக்டர் ஓட்டும் தம்பியும் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் சேர்ந்து இருந்த காலம் அது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் மனைவி தவறிவிட்டாள்; ஒரே மகளும் கல்யாணமாகி டவுனுக்குப் போய்விட்டாள். தெருவே அவனைக் 'கலப்பை' என்றுதான் கூப்பிடும்.

கொல்லைத் தோட்டத்தில் ரசாயன உரமோ மருந்தோ கூடாது என்பதில் இருவரும் ஒரே கட்சி. உழுவதில்தான் முட்டிக்கொண்டது.

"புரட்டிப் போடலேன்னா மண்ணு எப்படிக்கா மூச்சு விடும்?"

"மண்புழு வீட்டையெல்லாம் இடிச்சுட்டு மூச்சைப் பத்திப் பேசுறியா? கம்பியால லேசா நெம்பி விட்டு, மேல சருகைப் போட்டா போதும்."

"நல்லாருக்கு! மண்ணுக்குப் போர்வை போத்தித் தூங்க வைக்கிறியா?"

அக்கா விறுவிறுவென்று போய்த் துணிக்கொடியை அவிழ்த்து வந்து தோட்டத்தின் நடுவில் கட்டினாள். இந்தப் பக்கம் அவளுக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு.

முதல் போகத்தில் தம்பி கொத்திய பக்கம் பீன்ஸ் கிடுகிடுவென்று ஏறியது. அக்காவின் சருகுக்கடியில் நத்தைகள் குடியேறி நாற்றை மொட்டையடித்தன. "நத்தைப் பண்ணை எப்படிப் போகுது?" என்று சீண்டினான். ஆனால் விடியற்காலையில் அவனே கயிற்றைத் தாண்டி வந்து, அவள் பாத்தியில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சில வருஷம் கழித்து மழை பேயாகக் கொட்டியது. அவன் பக்கம் தண்ணீர் தேங்கி, காய்ந்ததும் மண் அப்பளமாக இறுகிப்போனது. விதை முட்டி மேலே வர முடியவில்லை. அவள் பக்கம் அத்தனையையும் குடித்துவிட்டுப் பொலபொலவென்று இருந்தது. அவன் குனிந்து அந்த மண்ணில் விரலை விட்டான். கை மணிக்கட்டுவரை இறங்கியது. மறுநாள் அவன் பக்கமும் சருகு கிடந்தது. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் என்று அக்கா கீழே பார்த்தபடி கடைக்குக் கிளம்பிப் போனாள். கயிற்றை யார் அவிழ்த்தார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

தம்பியின் முழங்கால் ஓய்ந்ததும் மகள் அவனைத் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டாள். அதன் பிறகு தோட்டத்தில் குறை சொல்ல ஆளில்லை. கீரை நன்றாக வந்தபோதெல்லாம் அக்காவுக்கு அதுதான் உறுத்தியது.

ஒருநாள் பஸ் பிடித்துப் பார்க்கப் போனாள். பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்றைத் தக்காளித் தொட்டியை ஸ்பூனால் கொத்திக்கொண்டிருந்தான், ஊரையே உழுதவன். அக்காவைக் கண்டதும் ஸ்பூனை மறைக்கப் பார்த்தான்.

"கை அரிக்குதுக்கா."

திட்ட வாயெடுத்தவள் அந்த ஸ்பூனைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேரை விட்டுட்டு ஓரமா கொத்துடா," என்றாள்.