இரண்டு ஏஸ்

சுங்கை வே தொழிற்சாலையில் என்னோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்த நண்பனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. வேலையை விட்டு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலேயே கிடந்தான். "ஞாயித்துக்கிழமையாவது வாங்கண்ணே, யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறாரு" என்று அவன் மனைவி போன் செய்தார். ஆறு நாள் ஷிஃப்ட் முடிந்த உடம்போடு கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போவேன். அவன், அவன் மனைவி, மச்சான், நான் என்று நான்கு பேரும் மத்தியானத்தில் போக்கர் ஆடுவோம். பந்தயத்துக்கு உலர்ந்த கொண்டைக்கடலை.

கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அடுத்தவன் வைத்த அளவே வைத்துத் தொடர்ந்தால் கோல். அதற்கு மேல் ஏற்றினால் ரெய்ஸ். நல்ல சீட்டு வந்தால் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனிடம் கடலை தீர்ந்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுவான். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் எது வந்தாலும் கோல் மட்டுமே செய்து வந்தேன்.

ஒரு ஞாயிறு எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. அதைவிடப் பெரிய தொடக்கம் அந்த ஆட்டத்தில் கிடையாது. அவன் பத்துக் கடலை வைத்தான். நானும் பத்து. மற்ற இருவரும் விலகினார்கள். பொதுச் சீட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் வைக்க வைக்க நானும் அதே அளவு வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அவன் நடுவே தள்ளினான். நான் சீட்டைக் காட்டாமல் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, "நீயே எடுத்துக்க லா" என்றேன்.

அவன் கடலையை எடுக்கவில்லை. கையை நீட்டி என் சீட்டுகளைப் புரட்டினான். அவனிடம் இருந்தது ஒன்பதில் ஒரு ஜோடி.

"எத்தன வாரமா இப்படி?"

இன்றுதான் முதல் தடவை என்று பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"நாலு மணி நேரம் மெஷின்ல படுத்துக் கிடக்கிறேன். அங்க எல்லாரும் என்னைப் பாவமாத்தான் பாக்கிறாங்க. நீயும் ஏன்?"

அவன் மனைவி டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஓவர்டைம் என்று சாக்குச் சொல்லி வீட்டில் தூங்கினேன். தூக்கம் சரியாக வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவனே கூப்பிட்டு, வருகிறாயா இல்லையா என்று மட்டும் கேட்டான். போனேன்.

அரை மணி நேரத்துக்குள் எனக்கு இரண்டு கிங் வந்தது. அவன் பத்து வைத்தான். நான் முப்பதாக ஏற்றினேன். அவன் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் நடுவே தள்ளினான். நானும் அதே அளவு வைத்தேன். அவனிடம் இரண்டு பத்து. விரிந்த ஐந்து சீட்டில் அவனுக்கு உதவ எதுவும் இல்லை.

"இது ஆட்டம்" என்றான். நாற்காலியின் முதுகைப் பிடித்து மெல்ல எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே அறைக்குப் போனான். மணி மூன்றுகூட ஆகவில்லை.

அதிலிருந்து நல்ல சீட்டு வந்தால் ஏற்றிவிடுகிறேன். சில ஞாயிறு அவன் ஜெயிக்கிறான். சில ஞாயிறு சீக்கிரமே படுக்கப் போய்விடுகிறான். அவன் அறைக் கதவு திறந்திருப்பதால் நாங்கள் மூவரும் குரலைத் தாழ்த்தி ஆடிக்கொண்டிருக்கிறோம்.