தினேஷ் மாற்றாத ஸ்பாஞ்ச்

குளூ கன் சூடாகும்போது வரும் அந்த வாடை... இன்றைக்கும் மூக்கில் ஏறினால் போதும், நேராகக் கிள்ளானில் தினேஷ் வீட்டு கார் போர்ச்சுக்குப் போய்விடுவேன். தரை முழுக்க மயிலிறகும் வெள்ளை போலிஸ்டைரீன் தூளும். நடுவில் பாதி கட்டிய காவடி.

அப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ட் காலேஜ் கடைசி வருஷம். தினேஷ் என் ஸ்கூல்மேட். பக்கத்து ஊரான மேருவில் ஜன்னல் கிரில் செய்யும் ஃபேக்டரியில் வேலை, தைப்பூசம் நெருங்கினால் காவடி கட்டுவான். என் ஃபைனல் ப்ராஜெக்ட் காவடிதான் என்று முடிவு செய்து அவனிடம் போய் நின்றேன். டிசைன் நான், கட்டுவது அவன். தூக்கப்போவது லோரி ஓட்டும் பாலா அண்ணே. மகளுடைய இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்த்திக்கடன்.

என் ஸ்கெட்சைப் பார்த்த காலேஜ் மிஸ் தலையைச் சாய்த்தார்.

"வெரி நைஸ் லா. பட் திஸ் இஸ் கிராஃப்ட். வேர் இஸ் தி ஆர்ட்?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இதில் கோட்டை விட்டால் இன்னொரு செமஸ்டர். அப்பாவிடம் சொல்ல வாயே வராது.

எல்.ஆர்.டி. ரயிலில் வரும்போதுதான் அந்த ஐடியா வந்தது. புதுக் காவடியை யார் காட்டப்போகிறார்கள்? பத்துமலை ஏறி இறங்கி, இறகு ஒடிந்து, பால் சிந்தி, திருநீறு அப்பி வரும் காவடியை அப்படியே கொண்டுபோய் வைப்பேன். அதுதான் என் ஆர்ட்! ரயிலிலேயே துள்ளிக் குதிக்காத குறை.

தைப்பூசம் அந்த வருஷம் வியாழக்கிழமை. காமிராவோடு பாலா அண்ணே பின்னாலேயே போனேன். கூட்ட நெரிசலில் இடது பக்க இறகு வரிசை அப்படியே பிய்ந்து தொங்கியது. "சூப்பர்!" என்று என்னையும் மீறிக் கத்திவிட்டேன். அண்ணே பக்கத்தில் நடந்த அண்ணி திரும்பி முறைத்தார் பாருங்கள்... இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை, ப்ராஜெக்டை விளக்கும் ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுத்தேன். முழுசாக இரண்டு பக்கம். ஒடிந்த இறகு என்ன சொல்கிறது, பால் கறை என்ன சொல்கிறது என்று வெளுத்து வாங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை மிஸ் மார்க் போட வருவார். அதற்கு முன்னால் தைப்பூசம் முடிந்து தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த காவடியைத் தினேஷ் லோரியில் கொண்டுவந்து காலேஜில் இறக்கினான். சிரித்துக்கொண்டே மூடியிருந்த கன்வஸ் துணியை உருவினான்.

புத்தம் புதுக் காவடி. ஓர் இறகு ஒடியவில்லை. ஒரு கறை இல்லை. அலுமினியச் சட்டத்தில் என் முகம் தெரிந்தது.

"டேய்... என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஆரம்பிச்சேன். சனி, ஞாயிறு ஃபுல்லா இதே வேலைதான். எப்படி, சூப்பரா இருக்குல்ல?"

"எவண்டா உன்னைச் செய்யச் சொன்னது? எனக்கு உடைஞ்சதுதான்டா வேணும்!"

அதை அவனிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை. அவன் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது.

"உடைஞ்ச காவடியை நாலு பேரு பார்க்க எப்படி வைப்பே? யாரு கட்டுனதுன்னு கேட்டா என் பேரைத்தானே சொல்லுவே?"

பக்கத்துச் சுவரில் நான் ஒட்டியிருந்த லேபிளில் என் பேர் மட்டும்தான் இருந்தது. அவன் அதை இன்னும் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தல," என்றான் மெதுவாக. "தோள்ல வைக்கிற ஸ்பாஞ்ச். பாலா அண்ணே ஒரு மாசமா தூக்கி நடந்து பழகுனாருல்ல, அவரு தோளுக்குப் படிஞ்சிருச்சு. புதுசு போட்டா அடுத்த வருஷம் மறுபடியும் குத்தும்."

குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு பள்ளம். கையை வைத்தேன்... ஒரு மனிதனின் தோள் அங்கே இருந்தது.

பேனாவை எடுத்து லேபிளில் என் பேருக்குக் கீழே அவன் பேரை எழுதினேன். மிஸ் வந்ததும், "ஸ்டேட்மென்ட் ராங், மிஸ்" என்று சொல்லி நடந்ததை ஒப்பித்தேன். அவர் அந்தப் பள்ளத்தில் கையை வைத்தார். அப்புறம் என்னை விட்டுவிட்டு தினேஷிடம்தான் கேள்வியாகக் கேட்டார். அவன் பாதி மலாய், பாதி இங்கிலீஷில் பிளந்து கட்டினான். பாஸ்! நல்ல மார்க்கிலேயே பாஸ்.

இப்போது நான் காட்சிக்கு வைக்கும் இடங்களில் லேபிள் எல்லாம் அழகாக அச்சடித்து வருகிறது. வெல்டிங் செய்தவர், தைத்தவர் பேரையெல்லாம் கொடுத்தால், "இவ்ளோ பேரா?" என்று கேலரியில் முகம் சுளிப்பார்கள். ஆமாம், இவ்வளவு பேர்தான் என்பேன்.

பாலா அண்ணே இன்னும் விடாமல் தூக்குகிறார். போன மாசம் தினேஷ் கூப்பிட்டான்.

"ஸ்பாஞ்ச் கிழிஞ்சிருச்சு, மாத்துடான்னு பாலா அண்ணே கேக்குறாரு. முடியவே முடியாதுன்னுட்டேன். அது ஆர்ட் லா!"

"டேய் மடையா, முதல்ல மாத்துடா! அவருக்குத் தோள் வலிக்கும்டா!"

சொன்ன பிறகுதான், அவன் பேச்சை நானும் என் பேச்சை அவனும் பேசுவது இரண்டு பேருக்கும் உறைத்தது. போனில் சிரி சிரியென்று சிரித்தோம்.

நேற்று ஒரு பார்சல் வந்தது. உள்ளே அந்தப் பழைய ஸ்பாஞ்ச். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் அவன் கையெழுத்து: 'புதுசு மாத்தியாச்சு. லேபிள்ல பாலா அண்ணே பேரையும் போடு.'

அன்றைக்குப் பேனாவை எடுத்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.