பாகற்காய் ஜூஸும் வீங்கின நரம்பும்

பாலிகஞ்ச் கண் கிளினிக்கில் என் வேலை சொட்டு மருந்து விடுவது. எட்டாம் வகுப்போடு நின்றவன். தப்பு மருந்து விட்டுவிடுவேனோ என்று பாட்டில் லேபிளைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அப்புறம் பேஷண்டையும் படிக்கச் சொல்வேன். அவர் கண் தெரியாமல்தான் வந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றாது.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் ஷண்டிங் எஞ்சின் ஓட்டும் ராமலிங்கம் ஒரு நாள் வந்தார். இரண்டு கண்ணும் மங்கல். நான் மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரிந்ததும் டாக்டர்பாபு டார்ச் வைத்து உள்ளே பார்த்தார்.

“ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கு. சுகர் உண்டா?”

“இல்ல சார்.” ரயில்வே மெடிக்கலில் எடுத்த யூரின் ரிப்போர்ட்டை நீட்டினார். சுத்தமாக இருந்தது.

“அப்போ மூளையில கட்டி இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரில சேரணும். தலையைத் தொறக்க வேண்டி வந்தாலும் வரும்.”

விரிந்த கண்ணோடு வெயிலில் போக முடியாது. பெஞ்சில் உட்கார வைத்தேன்.

“தம்பி, தொறந்தா மறுபடி மூடிருவாங்கல்ல?”

“மூடுவாங்கண்ணே.” எனக்கே நிச்சயமில்லை. ஆறுதலுக்கு டீயும், சந்தேஷ் என்கிற பால் இனிப்பும் வாங்கிக் கொடுத்தேன்.

“இப்பத்தான் உசிரு வருது. நாலஞ்சு நாளா வெறும் பாவக்கா ஜூஸு.”

“ஏண்ணே?”

“யூரின் டெஸ்டுக்குத்தான். மெடிக்கல்னா எங்க யார்டுல பாதிப் பேரு இப்படித்தான். சுகர்னு எழுதிட்டான்னா எஞ்சின்லேர்ந்து எறக்கி ஸ்டோர்ல தள்ளிருவான். யார்கிட்டயும் சொல்லிராதே.”

மிச்சமிருந்த சந்தேஷைப் பிடுங்கிக்கொண்டேன். சொன்னால் எஞ்சின் போகும். சொல்லாவிட்டால் தலையைத் திறப்பார்கள்.

“உள்ள போய் நீங்களே சொல்லிருங்கண்ணே.”

“சொல்லிட்டா என் எஞ்சினை நீ ஓட்டுவியா?”

“எனக்கு டிராம்ல ஏறவே பயம்ணே.”

சிரித்தார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர்பாபு கத்தியது தெருவரை கேட்டது.

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். சுகர் ஏகத்துக்கு இருந்தது. அதனாலும் நரம்பு இப்படி வீங்குமாம். அப்படியும் மூளை டாக்டரிடம் அனுப்பிப் பார்த்தார்கள். கட்டி இல்லை. சுகர் அடங்கி, சில மாதத்தில் வீக்கம் வடிந்தது. பார்வை வந்தது. எஞ்சின் போனது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ரிப்போர்ட்டை வாங்கும்போது, டெஸ்டுக்கு முன்னால் என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். டாக்டரிடம் சொல்லாததைப் பெஞ்சில் சொல்வார்கள்.

ராமலிங்கம் அண்ணன் வருஷா வருஷம் பூஜா பண்டிகைக்கு வருவார். ஸ்டோரில் நட்டு எண்ண வைத்துவிட்டேன் என்று திட்டுவார். நான் சொட்டு மருந்து பாட்டிலை நீட்டுவேன். அடியில் இருக்கும் பொடி எழுத்துவரை படித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் திட்டுவார்.