செல்லக்கிளியைப் பற்றி ‘ஒலிமேடை’ எழுதியது

மதுரை வில்லாபுரத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள் செல்லக்கிளி. பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு, திருவிழாக் காலமென்றால் சாயங்காலம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிடுவாள். சிவபாண்டியின் மெல்லிசைக் குழுவில் பல வருடங்களாக அவள்தான் பெண்குரல். திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் நாற்று நட்டுக் களை பறித்துப் பிழைத்த குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடியதோடு சரி, பாட்டென்று யாரிடமும் படித்ததில்லை. ஊர்ப் பொங்கலுக்குக் கச்சேரி வைக்க வந்த சிவபாண்டியின் பாடகிக்கு அன்றைக்குக் காய்ச்சல். யாராவது பாடுகிறீர்களா என்று அவன் மைக்கில் கேட்க, கூட்டாளிப் பெண்கள் இவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அப்படி மேடை ஏறியவள் பிறகு இறங்கவேயில்லை.

அப்போதெல்லாம் எந்தக் குழுவைக் கூப்பிடுவது என்பதை மைக்செட்காரர்தான் ஊர்க்காரர்களிடம் சொல்லுவார். ‘ஒலிமேடை’ வந்த பிறகு அது மாறிப்போயிற்று. தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு அச்சகத்துக்கு மேலே இருக்கும் அறையிலிருந்து வரும் மாதப் பத்திரிகை அது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் கச்சேரிகளைப் பற்றி மட்டும்தான் எழுதும். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு விழாக் கமிட்டிக்காரர்கள் அதைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு குழுக்களோடு பேசத் தொடங்கினார்கள். பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். “போன மாசம் உங்க தபேலா சரியில்லன்னு போட்ருக்கானே” என்று கிராமத்து நாட்டாண்மை கேட்கும் காலம் வந்தது. பத்திரிகைக்குப் பிடிக்கும் என்று சில குழுக்கள் பழைய பாட்டுகளைக் கூட்டின. பிடிக்காது என்று சில குழுக்கள் ஆட்டக்காரர்களை நிறுத்தின.

அந்தப் பத்திரிகைக்கு அறவே பிடிக்காதது ட்ராக். அதாவது, முன்னமே பதிவு செய்த குரலை ஓடவிட்டு, மேடையில் வாயை மட்டும் அசைப்பது. அதைப் பற்றித் தொடராக எழுதியவள் ராஜஸ்ரீ. கல்லூரி முடித்து இரண்டொரு வருடமே ஆன பெண். ஸ்கூட்டரில் தனியாக வந்து, கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விடுவாள். அவள் வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் மேடையில் இருப்பவர்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். அவள் எழுதியதால் வேலை இழந்த குழுக்கள் உண்டு. முத்துமீனா பாடிய குழுவும் அதில் ஒன்று. முத்துமீனாவும் செல்லக்கிளியும் ஒரே காலத்தில் பாட வந்தவர்கள். அந்தக் கட்டுரைக்குப் பிறகு முத்துமீனாவை யாரும் கூப்பிடவில்லை. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலைக்குப் போய்விட்டாள்.

பங்குனித் திருவிழாக்கள் முடிந்த கையோடு வந்த இதழில் செல்லக்கிளியின் படம் அட்டையில் இருந்தது.

காலையிலிருந்தே போன் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை எல்லா மிஸ்களையும் கூப்பிட்டுக் காட்டினார். கணவன் நல்லகாமன் அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். பட்டறைச் சுவரில் அட்டையை ஒட்டிவிட்டதாகச் சொன்னான். செல்லக்கிளி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் உட்கார்ந்து படித்தாள். அவனியாபுரத்தில் ஒரு கோயில் கொடைவிழாவில் அவள் பாடியதைப் பற்றி ராஜஸ்ரீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஊரெல்லாம் ட்ராக் ஓடும் காலத்தில் இந்த ஒரு தொண்டையை நம்பலாம் என்று இருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

கடைசிப் பத்தியில் அம்மன் பாட்டைப் பற்றி எழுதியிருந்தது. அது சிவபாண்டியே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. மேலே ஏறி ‘தாயே’ என்று நீளமாக நிற்க வேண்டும். “அந்தத் ‘தாயே’ முடியும் இடத்தில், யாரோ கையை விட்டுவிட்டுப் போவதுபோல் குரல் மெல்லக் கீழே சறுக்கி இறங்குகிறது. அந்தச் சறுக்கலுக்காக இன்னொரு முறை போய்க் கேட்பேன்” என்று ராஜஸ்ரீ எழுதியிருந்தாள்.

செல்லக்கிளி அந்த வரியைத் திரும்பப் படித்தாள். கையிலிருந்த சோறு அப்படியே இருந்தது. அந்தச் சறுக்கலை அவள் பாடி வருடக்கணக்காகிறது. மகள் பிறந்த பிறகு அவ்வளவு மூச்சு அவளுக்கு நிற்பதில்லை. இப்போதெல்லாம் ‘தாயே’வைச் சட்டென்று வெட்டி நிறுத்திவிடுவாள். அந்தச் சறுக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கோயிலுக்காக இருபத்திமூன்று வயதில் ஸ்டூடியோவில் பாடிக் கொடுத்த சி.டி.யில்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன ஆடியில் சிவபாண்டி அவள் காதுக்குள் செருகிக்கொள்ள ஒரு இயர்போன் வாங்கிக் கொடுத்தான். வெளிச் சத்தம் தொந்தரவு பண்ணாமல் உன் குரல் உனக்கே தெளிவாகக் கேட்கும் என்றான். அப்படித்தான் கேட்டது. வெளியே கூட்டத்துக்கு என்ன கேட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. இருக்காது என்று நினைப்பாள். அடுத்த நிமிடமே இருக்கும் என்று தோன்றும். அந்த ஒரு பாட்டு மட்டும்தானா, எல்லாப் பாட்டுமா? எத்தனை ஊரில் அவள் பாடியது யாருக்குமே கேட்காமல் போயிருக்கும்? வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதுகூட, பாதியில் நிறுத்தி, கேட்கிறதா என்று கேட்டாள். பிள்ளைகள் கேட்கிறது மிஸ் என்று ஒன்றாகக் கத்தின.

இதற்கிடையில் முத்துமீனா போன் செய்தாள். கோபமாகப் பேசுவாள் என்று செல்லக்கிளி பயந்தாள். ஆனால் அவள் மனசாரத்தான் பேசினாள். “எனக்குத்தான் இப்படி ஆயிருச்சு. நீயாச்சும் உன் தொண்டையில பாடுறியே, அது போதும்டி” என்றாள். மகள் கூப்பிடுகிறாள் என்று சொல்லிச் செல்லக்கிளி போனை வைத்தாள்.

அடுத்த கச்சேரி நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் ஒரு ஊரில். அட்டைப்படம் பார்த்துவிட்டுக் கூட்டம் கூடுதலாக வந்திருந்தது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள்கூட பைக்கில் வந்து நின்றார்கள். வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் அம்மன் பாட்டைத் தொடங்கினார்கள். செல்லக்கிளி முதல் சரணத்தை ஒழுங்காகப் பாடினாள். ‘தாயே’ வருவதற்கு முன்னால், கூந்தலைச் சரி செய்வதுபோல் கையைக் கொண்டுபோய் இயர்போனைக் கழற்றினாள். வாயை மூடிக்கொண்டாள்.

பாட்டு நிற்கவில்லை. மைதானத்தின் இரண்டு பக்கமும் நின்ற பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அவளுடைய இருபத்திமூன்று வயதுக் குரல் ‘தாயே’ என்று எழுந்து, நின்று, மெல்லச் சறுக்கி இறங்கியது. கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் கும்பிட்டாள். செல்லக்கிளி திரும்பிப் பார்த்தாள். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து சிவபாண்டி அவளையே பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. ரிதம் பேடில் தாளம் வாசிப்பவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று.

அவளால் அங்கேயே கத்தியிருக்க முடியும். மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருக்க முடியும். ஆனால் பயம் வந்தது. கூட்டத்தில் யாராவது தன் மூடிய வாயைப் பார்த்துவிட்டார்களோ என்ற பயம். மைக்கைத் திரும்ப உயர்த்தி, மீதிப் பாட்டுக்கு வாயசைத்தாள். இந்த முறை தெரிந்தே அசைத்தாள்.

கச்சேரி முடிந்து சாமான்களைக் கட்டும்போது, மேடைக்குப் பின்னால் சிவபாண்டியைத் தனியாகப் பிடித்தாள்.

“எத்தனை நாளாண்ணே இது?”

அவன் மழுப்பவில்லை. “ஆடியிலருந்து. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் உன் மைக்க அடைச்சுட்டு அந்த சி.டி. குரல விடுறேன். மத்ததெல்லாம் நீ பாடுறதுதான் வெளிய போகுது, அம்மன் மேல சத்தியம்.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல.”

“சொன்னா பாடிருப்பியா? மேல போறப்ப உனக்கு உடையுது, கிளி. ரெண்டு கச்சேரி பாத்தேன். மூணாவதுல அந்தப் பொண்ணு ராஜஸ்ரீ கீழ உக்காந்திருக்குன்னு மைக்செட்காரர் சொன்னாரு. முத்துமீனாவ அவ எழுதின எழுத்த நீயும்தானே படிச்ச? ட்ராக் போட்டா எழுதுவா, குரல் உடைஞ்சாலும் எழுதுவா. நான் வேற என்ன செய்ய?”

ட்ராக் வேண்டாம் என்று எழுதிய பத்திரிகைக்குப் பயந்துதான் அவன் ட்ராக் போட்டிருக்கிறான். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் முழுதாக வரவில்லை. தன் குரல் உடைகிறது என்பதை அப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் வாயிலிருந்து கேட்டாள். வேனில் வீடு வந்து சேரும்வரை அது மட்டும்தான் அவள் மனதில் ஓடியது.

நல்லகாமனிடம் அன்றைக்கே சொன்னாள். முதலில் டாக்டரைப் பார்ப்போம் என்றான் அவன். தொண்டைக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண் இரண்டிலும் காய்ப்புப்போல் தடித்திருக்கிறது என்றார். ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம். ஆனால் சில வாரம் பேசவே கூடாது, வகுப்பில் கத்துவதை விட வேண்டும், உச்சத்தில் பாடுவதை மறந்துவிட வேண்டும். பழைய குரல் திரும்புமா என்று அவள் கேட்டாள். உறுதி சொல்ல முடியாது என்றார்.

அந்த வாரமே ராஜஸ்ரீ போன் செய்தாள். ‘ஒலிமேடை’ ஆண்டு விழாவுக்கு ட்ராக் இல்லாத கச்சேரி ஒன்று நடத்துகிறார்களாம். செல்லக்கிளிதான் முதலில் பாட வேண்டும், அந்த அம்மன் பாட்டைத்தான் பாட வேண்டும் என்றாள். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்யுமில்லை. ஆனால் முத்துமீனா சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. நேரில் வாரேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அச்சகத்தின் மேல் அறையில் மேசை முழுக்கப் பழைய இதழ்கள் கிடந்தன. ராஜஸ்ரீ எழுந்து நின்று, “வாங்கக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் செல்லக்கிளி மெதுவாக, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகச் சொன்னாள்.

“நீ எழுதின அந்தச் சறுக்கல் என்னுதுதாம்மா. ஆனா அன்னைக்குப் பாடினது இல்ல. சி.டி.”

ராஜஸ்ரீ முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. செல்லக்கிளி நடந்தது முழுவதையும் சொல்லும்வரை குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் மேசையிலிருந்த அந்த இதழைப் புரட்டிக் கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்தாள்.

“எல்லாரையும் கண்டுபிடிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா” என்றாள். “இத வெளிய சொன்னா இனி நான் எழுதுறத யாரு நம்புவா?”

“அந்தச் சறுக்கல அம்புட்டுக் கவனிச்சு நீ எழுதலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதும்மா. உன் காது தப்பில்ல.” செல்லக்கிளி சற்று நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். “ஆனா முத்துமீனா இன்னைக்கு சேலை மடிச்சுக்கிட்டு இருக்கா. அவளப் பத்தி எழுதுறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை என்று ராஜஸ்ரீ தலையசைத்தாள்.

அடுத்த இதழில் எல்லாம் வந்தது. தான் ஏமாந்ததை ராஜஸ்ரீ மறைக்கவில்லை. செல்லக்கிளி தானே வந்து சொன்னாள் என்றும் எழுதினாள். முத்துமீனாவைப் போய்ப் பார்த்து, அவளுக்கு ஏன் ட்ராக் தேவைப்பட்டது என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துப் போட்டாள். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் கச்சேரி பிடித்த குழுத் தலைவரைப் பற்றியும், புழுதியிலும் பட்டாசுப் புகையிலும் பாட வேண்டியதைப் பற்றியும் முத்துமீனா பேசியிருந்தாள்.

பலன் நல்லபடியாக வரவில்லை. பட்டறைச் சுவரிலிருந்த அட்டையை யாரோ கிழித்தார்கள். சிவபாண்டியின் குழுவை வைகாசிக்குப் பேசியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கை விரித்தன. அவன் செல்லக்கிளியோடு பேசுவதை நிறுத்தினான். பத்திரிகையும் ஆட்டம் கண்டது. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. ஆண்டு விழாக் கச்சேரி நடக்கவேயில்லை. செய்தது சரிதானா என்று செல்லக்கிளி தினமும் தன்னையே கேட்டாள். வாய் திறந்து கேட்கக்கூட முடியாத வாரங்கள் அவை. மகளிடம் சைகையில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் நல்ல மனதோடு அவளை அலுவலக வேலைக்கு மாற்றினார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சிவபாண்டி வீட்டுக்கு வந்தான். சுமந்து வந்த கீபோர்டைக் கட்டில்மேல் வைத்தான். பழைய விஷயம் எதுவும் பேசவில்லை. “சுருதிய ரெண்டு கட்டை இறக்கி வாசிக்கிறேன். பாடிப் பாக்குறியா?” என்றான். அவள் பாடிப் பார்த்தாள். கீழ்ச் சுருதியில் அம்மன் பாட்டு வேறு பாட்டாக இருந்தது. கூவி அழைப்பது போய், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகியிருந்தது. ஒரு இடத்தில் குரல் கம்மியது. அவன் வாசிப்பதை நிறுத்தாமல் காத்திருந்தான். அவள் மறுபடி சேர்ந்துகொண்டாள்.

இப்போது அவர்களுக்கு முன்னைப்போலப் பெரிய கோயில்கள் கிடைப்பதில்லை. பழைய குரலைக் கேட்க வந்து ஏமாந்து பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர்கள் போவது மேடையிலிருந்து அவளுக்குத் தெரியும். ராஜஸ்ரீ சில கச்சேரிகளுக்கு வருகிறாள். எழுதுவதற்கு முன்னால் மேடைக்குப் பின்னால் வந்து பேசிவிட்டுப் போகிறாள். முத்துமீனாவை ஒரு பாட்டுக்காவது கூட்டி வரச் செல்லக்கிளி முயற்சி செய்தாள். அவள் கடையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

போன வாரம் கள்ளிக்குடிப் பக்கமிருந்து ஒரு கமிட்டிக்காரர் போன் செய்தார். பத்திரிகை எதையும் அவர் படித்ததாகத் தெரியவில்லை. மழை வருவதற்குள் கோயில் கொடையை முடிக்க வேண்டும், வர முடியுமா என்று மட்டும் கேட்டார். செல்லக்கிளி வாரேன் என்றாள். போனை வைத்த பிறகு வெந்நீர் போட்டுக் குடித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்குக் குரல் எந்த இடம்வரை போகிறது என்று மெதுவாகப் பாடிப் பார்க்க ஆரம்பித்தாள்.