புளித்தண்ணீரில் ஊறிய பவளக்கல்

“12.8.1989, சனி. எதிர்வீட்டு ஷோகேஸில் இருக்கும் பவளக்கல்லை இன்று முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் கறுப்பாகத் தெரிவது வாஷர் இல்லை. வட்டம், கட்டம், வட்டம், கட்டம் என்று ஓரவேலை இருக்கிறது. வெள்ளி நாணயம். நூலகத்தில் பார்க்க வேண்டும்.”

என் டைரியில் இருப்பது இவ்வளவுதான். அன்று மாலை வீட்டுக்கு வந்த பிறகு உட்காரவே முடியவில்லை என்பதை எழுதவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். “யாராவது அடிபட்டுட்டாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

நாங்கள் சேலையூரில் மனை வாங்கிக் கட்டிய காலத்திலேயே எதிர்வீட்டுக்காரரும் கட்டினார். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். இருக்கும் நாளில் தெருவே அவர் வீட்டில் கூடும். அவ்வளவு கதை சொல்வார். கடலில் வளரும் பவளப்பாறையின் துண்டான அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு கதை உண்டு. மணிலாவுக்குத் தெற்கே ஒரு தீவு, துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது, இவர் சிறு படகில் போய் நீர் வடிந்த பாறையிலிருந்து தன் கையால் இதைப் பெயர்த்து எடுக்கிறார், உள்ளே முங்கிப்போன ஸ்பானியக் கப்பலின் காசு. யாரும் நம்பவில்லை. அவர் தம்பி அனகாபுத்தூரில் துணி வியாபாரம் செய்பவர். “எங்கண்ணன் மகாபலிபுரத்துல சங்கு கடைக்காரன் கிட்ட வாங்கிகினு வந்து வுட்ட கப்ஸா சார் இது. உள்ள கீறது கப்பல் வாஷரு!” என்பார். கூடம் முழுக்கச் சிரிக்கும்.

எதிர்வீட்டுக்காரர் 1988 கடைசியில் மாரடைப்பில் போனார். அடுத்த ஆகஸ்டில் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டதால்தான் அந்த டைரிக் குறிப்பு. நான் பழைய காசு சேர்ப்பது தெருவுக்கே தெரியும்.

“விலை எல்லாம் எனக்கு வேண்டாம் சார். அவர் சொன்னது நெஜமா பொய்யா, அது மட்டும் பார்த்துச் சொல்லுங்க.” அந்த அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர், எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார். “போன தீபாவளிக்குத் தம்பி கிண்டல் பண்ணும்போது நானும் சேர்ந்து சிரிச்சேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுக்கப்புறம் அந்தக் கதைய அவர் யாருகிட்டயும் சொல்லவே இல்லை.”

நான் நூலகத்தில் குறிப்புகளைப் புரட்டினேன். வட்டமும் கட்டமும் மாறி மாறி வரும் அந்த ஓரம், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடித்த ஸ்பானிய டாலரில் வருவதுதான். மெக்ஸிகோவில் அடித்து, மணிலா வழியாக ஆசியா முழுக்கப் போன காசு. நம் கடற்கரைக்கும் துணி வாங்க மூட்டை மூட்டையாக வந்தது. வந்ததை உருக்கித்தான் மதராஸில் ரூபாய் அடித்தார்கள். ஆனால் அச்சில் வார்த்த போலியும் ஏராளம். போலியின் ஓரத்தில் வார்ப்புக் கோடு தெரியும். கல்லுக்கு வெளியே தெரிந்த விரல்நுனி அளவு ஓரத்தை லென்ஸ் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோடு இல்லை. அது போதாது. நல்ல காசை வாங்கி, சிமெண்டோ சாந்தோ பூசி, மேலே பவளத்தூளை ஒட்டி விற்கிறவர்களும் உண்டு என்று படித்திருந்தேன். அப்படியென்றால் காசு அசல், கதை பொய். பார்க்க வேண்டியது காசை அல்ல, காசும் கல்லும் சேருமிடத்தை.

இதை அந்த அம்மாவிடம் விளக்கவில்லை. “சனிக்கிழமை பாரிமுனைல தெரிஞ்ச பழங்காசு வியாபாரிகிட்ட எடுத்துட்டுப் போறேன், ரெடியா வெச்சிருங்க” என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு நாள் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, சானடோரியத்தில் இறங்கிவிட்டு, அது தாம்பரம் இல்லை என்பதை ரயில் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்.

சனிக்கிழமை போனபோது கூடத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலையின் மேல் இரண்டு வெள்ளி நாணயங்கள், கண்ணாடி மாதிரி பளபளத்தன. கல்லைக் காணோம்.

“உள்ள ரெண்டு இருந்தது சார்! பெரிய எடத்துக்குக் கொண்டு போறோம், அழுக்கோட காட்டினா என்ன நெனைப்பாங்க? புளியக் கரைச்சு ரெண்டு நாள் ஊற வெச்சேன், நுரை நுரையா வந்தது. அப்புறம் அம்மிக் குழவியால லேசா ஒரு தட்டு. விபூதி போட்டுத் தேய்ச்சேன். குத்துவிளக்கு மாதிரி வந்துடுச்சு.”

வெள்ளிக்கிழமை வெள்ளிச் சாமான் துலக்குகிற எந்த வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கல்லின் துண்டுகள் எங்கே என்று கேட்டேன்.

“சுண்ணாம்புதானே, செடிக்கு நல்லதுன்னு ரோஜாத் தொட்டில போட்டேன். ஏன் சார்?”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் கையை விட்டேன். அந்த அம்மா பின்னால் நின்று ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னேன்: “கடல்ல இருந்து வந்ததா, கடையில இருந்து வந்ததான்னு சொல்ல வேண்டியது அந்தக் கல்லுதான் டீச்சர்.”

அவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். பெரும்பாலும் பொடி. முள் இருவர் கையையும் கிழித்தது. கடைசியில் தொட்டியின் அடியிலிருந்து கோலிகுண்டைவிடச் சற்றுப் பெரிய துண்டு ஒன்று அவர் கையில்தான் அகப்பட்டது. ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி துளைகள். மறுபக்கம் வழவழவென்ற பள்ளம், அதில் கறுப்பாய் ஏதோ கோடுகள். கழுவாமல், ஊதி மட்டும் பார்த்தோம். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி அதில் காட்டினேன். பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்த எழுத்துகள் கண்ணாடியில் நேராகின. GRA என்று மூன்று எழுத்து. தட்டில் இருந்த நாணயத்தில் CAROLUS IIII DEI GRATIA என்று இருந்தது, கீழே 1791. மூன்று எழுத்தும் இடைவெளி மாறாமல் பொருந்தின.

அப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. பாரிமுனைக்குப் போகிற ரயிலில் வாசலிலேயே நின்றேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன்.

வியாபாரி, பழம்பொருள் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அந்தப் பக்கம் வந்தவர். நாணயங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். “இன்னா சார் இது, மூஞ்சிய பாலீஷ் போட்டுக் கொண்டாந்துகிறே! படிச்ச மனுசன் பண்ற வேலையா இது?”

“நான் பண்ணலை.”

“எல்லாரும் அதான் சொல்றாங்கோ.” எடை போட்டார். ஒவ்வொன்றும் இருபத்தேழு கிராம் இருக்க வேண்டியது, கடல் தின்றது போக இருபத்தாறுக்குச் சற்றுக் கூட. கூர்மையான நகத்தால் ஓரத்தை நிமிண்டினார். “ஒரிஜினல்தான். கல்லோட வந்திருந்தா சேட்டுங்க போட்டி போட்டு எடுப்பாங்கோ. இப்போ வெள்ளி வெலைக்கு மேல எதுனா கொஞ்சம் தரலாம். பேஜார் பண்ணிட்டியே சார்.”

துண்டை எடுத்து நீட்டினேன். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பள்ளத்தையும் துளைகளையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஒட்டு வேலை இல்ல சார். காசு மேலயே கெடந்து வளந்துகீது. இத்த எவனாலயும் செய்ய முடியாது. குடுக்கிறியா?”

கொடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார், செருப்பைக் கழற்றும்போதே, “இன்னா சார், ரேட்டு எவ்ளோ படிஞ்சுது?” என்றார். அந்த அம்மா துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலைப் பிடித்துப் பள்ளத்தில் அழுத்தினார். “தடவிப் பாருங்க தம்பி. உங்க வாஷர்.”

அவர் தடவினார். கண்ணாடியில் பார்த்தார். மறுபடி தடவினார்.

“சரி அண்ணி. காசு கடல்ல கெடந்துச்சு. ஒத்துக்கறேன்.” பிறகு வழக்கமான கிண்டல் இல்லாமல், “ஆனா இத்த அவரே பேத்தாரா, அந்த ஊர்ல எவன்கிட்டயாவது வாங்கினாரா? அது யாருக்குத் தெரியும்?” என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

இறந்துபோனவருடைய மாலுமிப் புத்தகத்தைப் பார்த்தேன். கப்பலில் ஏறிய நாளும் இறங்கிய நாளும் இருந்தன; நடுவில் எந்தத் தீவுக்கு எதிரே நின்றது என்பது அதில் எழுதுகிற விஷயம் இல்லை. கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். கம்பெனியே கைமாறிவிட்டது என்று ஒரு வரி வந்தது. புதியவர்களுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. அந்த அம்மா 1994 ஜூனில் பணி ஓய்வு பெற்றார். இரண்டு நாணயங்களும் ஷோகேஸில் திரும்பக் கறுத்துக்கொண்டு வருகின்றன. தேய்க்க யாரையும் விடுவதில்லை. துண்டு அவற்றின் நடுவில் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் கதையை இப்போது அவர்தான் சொல்கிறார்: தீவு, நங்கூரம், சிறு படகு, நீர் வடிந்த பாறை. “தன் கையால பேத்து எடுத்தார்” என்கிற இடத்தில் மட்டும் என் பக்கம் பார்ப்பார். நான் தலையாட்டியதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

நாணயங்கள் அசல். பவளம் அவற்றின் மேல்தான் வளர்ந்தது. அதை அவரே பாறையிலிருந்து பெயர்த்தார் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.