பதினேழாவது வாரத்து இரும்பண்ணன்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், கதவை உதைப்பார்கள். இவன் கதவிடுக்கில் வாயை வைத்து, "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பான். அப்படிச் சொல்லச் சொல்லி எந்தக் கம்பெனியும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கதவு திறந்ததும் உள்ளே சின்னப் பிள்ளைகள் இருந்தால், முதலில் தரையில் உட்கார்ந்துவிட்டுத்தான் பேசுவான். நாற்பத்து நாலு வயது ஆள், எண்ணெய்க் கறை படிந்த பேன்ட்டோடு இப்படி உட்காருவதைப் பார்த்தால் சிலர் சிரிப்பார்கள். இரும்பண்ணன் பார்த்து வளர்ந்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

இரும்பண்ணன் நாங்கள் சிறுவயதில் பார்த்த கார்ட்டூன். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வரும். பீப்பாய் வயிறும் வளைந்த ஆன்டெனாவும் உள்ள ஒரு ரோபோ. பறக்காது, சுடாது. நடந்தால் முட்டி கிறீச்சிடும். குழந்தைகளிடம் பேசும்முன், "இருங்க, குனிஞ்சுக்கிறேன்" என்று சொல்லி, தன் தலை அவர்கள் தலைக்குக் கீழே வரும்வரை குனிந்து உட்காரும். அதன் பெருமையெல்லாம் அவ்வளவுதான். போன வருஷம் ஒரு பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன், பத்தாவது நிமிஷத்தில் தூங்கிப்போனேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபது வருஷம் அதை மிதித்து மிதித்து, எதிரில் இருப்பவர் தப்பு செய்யும் முன்பே கோபப்படுகிற சுபாவம் எனக்கு வந்துவிட்டது. என் மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'சடன் பிரேக்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் டிவி இல்லை. சுவர் ஒட்டிய வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார், அங்கே இருந்தது. அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வெளியில் அவரைப் போல நல்ல மனிதர் கிடையாது. வீட்டுக்குள் அவர் கைதான் பேசும். அம்மா, நான், தம்பி. யாருக்கு முதலில் என்பது மாறும், காரணம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சனிக்கிழமை அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால், நாங்கள் இருவரும் பின்பக்கமாகத் தையல்காரம்மா வீட்டுக்கு ஓடுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் தொடங்கியதும் அந்த அம்மா எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். அப்போது அதை இரக்கம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. டிவியைத் திருகிய கையால் எங்கள் கதவைத் தட்டியிருக்கலாம்.

இரும்பண்ணன் ஓடிய பதினேழாவது வாரம் தம்பி வந்து சேரவில்லை. அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. ஓடும்போது கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பினான். நான் நிற்கவில்லை. உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் கூடியது, மேலும் கூடியது. திரையில் என்ன ஓடியது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

திரும்பிப் போனபோது அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், இன்றைக்கு இரும்பண்ணன் என்ன செய்தது என்று கேட்டான். நான் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். இரும்பண்ணன் பழுதாகிப்போய் ஊரில் எல்லோரையும் அடித்துவிட்டது, சரியானதும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய்க் குனிந்து உட்கார்ந்து 'அடிச்சது நான்தான்' என்று சொன்னது என்றேன். எல்லா வீட்டுக்குமா என்று கேட்டான். எல்லா வீட்டுக்கும் என்றேன். அந்தக் கதை அன்றோடு முடிந்துவிட்டது என்றுதான் முப்பத்தாறு வருஷமாக நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் இரும்பண்ணனைப் புதிதாக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இந்த முறை குழந்தைகளுக்கு அல்ல, வளர்ந்தவர்களுக்காம். இருட்டும் ரத்தமும் உள்ள கதை. முன்னோட்டத்தில் இரும்பண்ணன் துருப்பிடித்துச் சிவப்புக் கண்ணோடு நிற்கிறது. குழந்தைகள் பார்த்த அந்தச் சாது ரோபோ, அதற்கு முன்பு ஓர் ஊரையே நாசம் செய்த இயந்திரமாம். யாரோ அதன் ஞாபகத்தை அழித்துவிட்டார்களாம். அதனால்தான் அவ்வளவு நல்லதாக இருந்ததாம்.

ரசிகர் மன்றம் இரண்டாக உடைந்தது. ஆம், இதற்கொரு மன்றம் உண்டு, போனில் ஆறாயிரம் பேர், செயலாளர் என் தம்பி. எங்கள் சிறுவயதில் மண்ணை அள்ளிப் போடுகிறார்கள் என்று பாதிப் பேர் கொதித்தார்கள். தலைநரைத்த நமக்கு ஏற்ற கதை இப்போதுதான் வருகிறது என்றார்கள் மீதிப் பேர். படக்கம்பெனி ஒவ்வொரு மன்றத்திடமும் ஒரு கடிதம் கேட்டிருந்தது: பன்னிரண்டு எதிர்பார்ப்புகள், திங்கட்கிழமைக்குள். முட்டி கிறீச்சிட வேண்டும் என்பது முதலாவது. ஆன்டெனா இடப்பக்கம்தான் வளைய வேண்டும் என்பதற்கு நான்கு நாள் அடிதடி. பதினொன்று வரை எப்படியோ ஒப்பேறியது.

பன்னிரண்டாவதைத் தம்பியே எழுதினான். ரோபோவுக்குத் தான் செய்தது ஞாபகம் வர வேண்டும், வந்ததும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய்க் குனிந்து 'அடிச்சது நான்தான்' என்று சொல்ல வேண்டும். இது புதிதல்ல, பழைய பதினேழாவது பகுதியிலேயே வந்ததுதான் என்று குறிப்பும் போட்டிருந்தான். கடிதத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் படித்தேன். கற்றுக்கொள்ள வந்த பெண், நான் எதற்குக் காரை நிறுத்தச் சொன்னேன் என்று தெரியாமல் பயந்துவிட்டாள்.

எனக்குப் புரிந்தது. அவனுக்கு வேண்டியது ரோபோவுக்கு ஞாபகம் வருவது அல்ல, அப்பாவுக்கு வருவது. அம்மா இறந்துபோன பிறகு அப்பா தம்பியோடுதான் இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். மூன்று வருஷமாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று, இப்போது நாங்கள் யார் என்பதே தெரியாது. தம்பியை 'சார்' என்கிறார், என்னை 'டீச்சர்' என்கிறார். பச்சைக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். நாள் முழுக்கத் துண்டுகளை மடித்து அடுக்குவார், வருகிறவர்களுக்கு ஒன்று நீட்டுவார். நான் வாங்க மாட்டேன். அந்தக் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

தம்பியோ நின்றுபோன லிஃப்டைத் திறப்பதுபோல அவரிடம் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வீட்டின் புகைப்படத்தைக் காட்டினான். அவருடைய பழைய பெல்ட்டைத் தேடி எடுத்து நாற்காலியில் போட்டு வைத்தான். அப்பா அதை அழகாகச் சுருட்டி, யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க சார் என்று இவன் கையில் கொடுத்தாராம். இதைச் சொன்ன தம்பி மனைவி, உங்க தம்பி அப்புறம் சாப்பிடவே இல்லை அண்ணி என்றாள். ஞாபகம் முழுசாகப் போய்விடும் முன் அப்பா வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். இதைத் தவிர வேறெதையும் அவன் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை குண்டு விழுந்தது. மன்றத்தில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு. அந்த ரோபோ இப்போது நன்றாக இருக்கிறதே, பழசை எதற்குக் கிளற வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பரணிலிருந்து ஒரு பழைய கேசட்டைக் கண்டுபிடித்து, பதினேழாவது பகுதியை அப்படியே மன்றத்தில் போட்டுவிட்டார். அதில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உருண்டு ஓடுகிறது, இரும்பண்ணன் துரத்துகிறது, பிடிக்கிறது, முடிந்தது. வாசலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. செயலாளர் சொந்தப் படம் ஓட்டுகிறார் என்று ஆளாளுக்குக் கிண்டல். பன்னிரண்டாவதை நீக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. தம்பி பதிலுக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தான்: என் அக்கா பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். உள்ளே நுழைந்தபோது அப்பா நாற்காலியில் துண்டுகளோடு உட்கார்ந்திருந்தார், தம்பி அவர் காலடியில் தரையில். டிவியில் அந்த முன்னோட்டம். கடைசி சுவிட்சையும் அழுத்திப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரையில் ஒரு காட்சி வந்துவிட்டது. ஒரு சமையலறை மூலையில் ஒரு பையன் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான், இரும்பண்ணன் அவனுக்கு மேல் கையை ஓங்குகிறது.

அப்பாவின் கை துண்டில் அப்படியே நின்றது.

"சார், அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டார்.

தம்பி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் எதுக்கு அது அவனை அடிக்குது?"

தம்பி திரும்பித் திரையைப் பார்த்தான். "தெரியலப்பா," என்றான். "அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்."

அப்பா என்று அவன் கூப்பிட்டதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. தலையை ஆட்டினார். "பாவம் சார். தப்பு ஒண்ணும் இல்லன்னு யாராவது போய் அவன்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு துண்டை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

தம்பி டிவியை அணைத்தான். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் அவன் கேட்க நினைத்த கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. இனி அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அதனால் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த வாசல் கதை நான் கட்டினதுடா. அன்னிக்கு நான் ஒண்ணுமே பாக்கல."

"தெரியும்க்கா," என்றான். "தண்ணித் தொட்டி கதைதான். செவுரு வழியா முழுசா கேட்டுச்சே. அவ்ளோ சத்தமா வெச்சிருந்தாங்க."

அடி வாங்கிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அந்தக் கார்ட்டூனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் கதை கேட்டாய் என்றேன்.

"நீ எங்கிட்ட வந்து உக்காந்து பேசணும்னு இருந்துச்சு. நீ சொன்ன கதைல அது வாசல் வரைக்கும் வந்துச்சு. அதனால அதையே பதினேழுன்னு வெச்சுக்கிட்டேன்."

போனை எடுத்தான். ஒரு விரலால் வெகுநேரம் தட்டினான். பிறகு என்னிடம் நீட்டினான். பன்னிரண்டாவது மாறியிருந்தது. "ரோபோவுக்குப் பழையது ஞாபகம் வராமலே போகலாம். அதை ஏற்கிறோம். ஆனால் அந்தப் பையனிடம், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். ரோபோவே சொல்ல வேண்டும் என்று இல்லை. அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் போதும்."

"அனுப்பிடவா?" என்று கேட்டான்.

அவன் தரையில் இருந்தான், நான் சோபாவில் இருந்தேன். இறங்கி அவன் எதிரில் உட்கார்ந்தேன். முட்டி சத்தம் போட்டது, எனக்கும் நாற்பத்தெட்டு ஆகிறது. அவனைவிட நான் உயரம், அதனால் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. பிறருக்குப் பிரேக் போட்டே பழகிய காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

"செருப்பை எடுக்கத்தானே திரும்புன," என்றேன். "உன் மேல ஒரு தப்பும் இல்லடா. நான் நின்னிருக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். கடிதத்தை அனுப்பினான். பல் டாக்டரம்மா அடுத்த நிமிஷமே ஒரு கைகூப்புப் படம் போட்டிருந்ததைக் காட்டினான். அதைப் பார்க்க என் கண்ணில் தெளிவில்லை.

"டீச்சர் அழறாங்க சார்," என்றார் அப்பா. அடுக்கில் மேலே இருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்கு ஒழுகியது, வாங்கிக்கொண்டேன்.